டைமர் மேசை

"நாலு நிமிடம் பன்னிரண்டு வினாடி. தகுதி பெறுகிறார்."

மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்பில் சேர்ந்த முதல் ஆறு வாரத்தில் நான் வாய்திறந்து சொன்ன மிக நீளமான சேதி இந்த மாதிரிதான். மூன்று பேச்சாளர்களின் பெயர், அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம், அவ்வளவே. அதையும் தாளைப் பார்த்துத்தான் படித்தேன். கையில் பிடித்தால் தாள் நடுங்குவது தெரிந்துவிடும் என்று மேசையில் விரித்து வைத்துக் குனிந்து படித்தேன். படித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நேரம் சொன்னதற்கெல்லாம் கைதட்டும் கூட்டமா இது என்று கூச்சமாக இருந்தது.

எனக்குப் பேச வராது என்றில்லை. நாலு நண்பர்கள் நடுவே உட்கார்ந்தால் என்னை நிறுத்துவதுதான் பாடு. ஆனால் எட்டுப் பேர் ஒரே சமயத்தில் என் முகத்தைப் பார்த்தால் போதும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அலுவலகத்தில் ஏழு மாதம் நான் செய்த வேலையை மேலதிகாரிகள் முன்னால் விளக்க வேண்டிய நாளில், "தொண்டை சரியில்லை, நீங்க சொல்லிடுறீங்களா?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் ஸ்லைடுகளைத் தள்ளிவிட்டேன். அவர் நன்றாகவே சொன்னார். ஒரே ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னார். அதைத் திருத்தக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தப்பு அப்படியே கூட்டக் குறிப்பில் ஏறி, மூன்று வாரம் கழித்து என் மேசைக்கே கேள்வியாகத் திரும்பி வந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. என் தொண்டை நன்றாகத்தான் இருந்தது, அதுதான் உறுத்தியது.

அந்த வாரமே விருந்தினராக ஒரு கிளப்புக்குப் போனேன். மேடைப்பேச்சு வகுப்பு என்றால் ஒருவர் நின்று பாடம் நடத்துவார், கையை எப்படி வீச வேண்டும் என்று காட்டுவார், நாம் பின்வரிசையில் பதுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே ஆசிரியர் என்று யாருமே இல்லை. ஒருவர் கூட்டத்தை நடத்துகிறார். இரண்டு மூன்று பேர் தயாரித்துக்கொண்டு வந்து பேசுகிறார்கள். பிறகு டேபிள் டாபிக்ஸ் என்று ஒரு பகுதி: அந்த நிமிடத்தில் கையில் கொடுக்கப்படும் தலைப்பில் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். கடைசியில், பேசிய ஒவ்வொருவரையும் வேறொரு உறுப்பினர் எழுந்து மதிப்பிடுகிறார். இவற்றுக்கு நடுவே நேரம் பார்க்க ஒருவர், மொழியைக் கவனிக்க ஒருவர், தடுமாற்றச் சொற்களை எண்ண ஒருவர். சும்மா உட்கார்ந்திருப்பவர் விருந்தினர் மட்டும்தான்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியம் எனக்கு மெல்லத்தான் விளங்கியது. இதைத் தொடங்கிய ரால்ஃப் ஸ்மெட்லி, 1905-இல் இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகர ஒய்.எம்.சி.ஏ.வில் கல்விப் பொறுப்பில் இருந்தவர். அங்கே வந்துபோன இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் பேசவும் ஒரு கூட்டத்தை நடத்தவும் பழக்கம் வேண்டும் என்று அவருக்குப் பட்டது. விருந்துகளில் பேச்சாளர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தி அழைப்பவருக்கு அந்தக் காலத்தில் டோஸ்ட்மாஸ்டர் என்று பெயர். அந்தப் பெயரையே கிளப்புக்கும் வைத்தார். வேலை மாறிப் போன ஊர்களிலும் இதே மாதிரி தொடங்கிப் பார்த்தார். அவர் கிளம்பியதும் அவை வாடிப்போயின. 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனாவில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் கூடிய கூட்டம்தான் நிலைத்து வேர்விட்டது. நூறாண்டு தாண்டியும் அதன் அடிப்படை மாறவில்லை. உறுப்பினர்கள்தான் மேடை, உறுப்பினர்கள்தான் அவை, உறுப்பினர்கள்தான் வாத்தியார்.

உறுப்பினர் ஆனதும், பொறுப்புகளைப் பங்கிடும் கல்வித் துணைத்தலைவர் என்னிடம், "முதல்ல என்ன எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டார். எதில் குறைவாகப் பேச வேண்டுமோ அது என்றேன். சிரித்துக்கொண்டே ஸ்டாப்வாட்சையும் மூன்று அட்டைகளையும் கையில் கொடுத்தார்.

ஐந்திலிருந்து ஏழு நிமிடப் பேச்சு என்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. ஐந்துக்குக் கீழேயும் ஏழுக்கு மேலேயும் 30 வினாடி விட்டுப்பிடிப்பார்கள். அதற்குள் முடிந்த பேச்சுதான் தகுதி பெறும். டேபிள் டாபிக்ஸுக்கு ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. சின்ன வேலைதான். ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. அட்டையைப் பேச்சாளர் பார்த்தாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருப்பதால், டைமர் பேச்சாளரின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. மற்றவர்கள் சாய்ந்து உட்காரலாம், சன்னலைப் பார்க்கலாம். டைமருக்கு அது வாய்க்காது. ஆறு வாரம் மனித முகங்களை அவ்வளவு உன்னிப்பாக நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அப்படிப் பார்த்ததில் ஒன்று பிடிபட்டது. ஒரு நாள் ஒருவர் நன்றாகப் பேசினார். நிதானம், தெளிவு, ஒரு இடத்தில் நான் அட்டையைத் தூக்க மறக்கும் அளவுக்குச் சுவாரசியம். கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "கால் எப்படி ஆடுச்சு பார்த்தீங்களா? மானம் போச்சு" என்றார். ஏழு நிமிடம் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். எதுவும் ஆடவில்லை. இன்னொருவர் தன் குரல் உடைந்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். வேறொருவர் வியர்வையில் நனைந்துவிட்டதாக. எனக்கு எதுவுமே தெரியவில்லை.

இதற்கு ஒரு பெயரே இருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் உள்ளே நடப்பதெல்லாம் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் பிறருக்குத் தெரிகிறது என்று நாம் நம்புவதை, உளவியலில் வெளிப்படைத்தன்மை மாயை என்கிறார்கள். கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இருவர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பேசப் போகிறவர்களுக்கு இந்த மாயையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசவைத்தார்கள். சொல்லப்பட்டவர்களின் பேச்சு மேலாக அமைந்தது. அவர்களுக்கு அப்படித் தோன்றியது மட்டுமில்லை, கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். 'உன் நடுக்கம் நீ நினைக்கிற அளவு வெளியே தெரியாது' என்ற ஒரு தகவலுக்கு அந்த வேலை. எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்பது சந்தேகம். மேசையில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு பேரைப் பார்த்தபிறகு நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது.

திருக்குறளில் அவையஞ்சாமை 73-ஆம் அதிகாரம். மேடைப் பயத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள். அதற்கு முந்தைய 72-ஆவது அதிகாரம் அவையறிதல். அஞ்சாதே என்பதற்கு முன்னால் அவையைத் தெரிந்துகொள் என்று வருகிறது. பள்ளியில் இரண்டையும் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன்தான் நான். வரிசை கண்ணில் படவே இல்லை.

அடுத்து ஆ கவுண்டர் வேலை. பேசுபவர் "ஆ...", "ம்...", "வந்து", "அதாவது", "ஸோ", "பேசிக்கலி", "பார்த்தீங்கன்னா" என்று இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே. கூட்டத்தின் முடிவில் யாருக்கு எத்தனை என்று எழுந்து சொல்ல வேண்டும். கொஞ்சம் போலீஸ்காரத்தனமான வேலை. எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. பிரச்சினை என்னவென்றால் வீட்டுக்கு வந்தும் எண்ணிக்கை நிற்காது. தொலைபேசியில் பேசும் அண்ணனுக்கு, செய்தி வாசிப்பவருக்கு, எல்லோருக்கும் மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். "நான் பேசுறதைக் கேக்குறியா, எண்ணுறியா?" என்று அண்ணன் ஒரு நாள் கேட்டதும்தான் நிறுத்தினேன்.

ஆனால் எண்ணியதில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இந்தச் சொற்கள் வாக்கியத்துக்கு நடுவில் அதிகம் வருவதில்லை. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டில்தான் வருகின்றன. சொல்ல வேண்டியது இன்னும் தயாராகவில்லை, ஆனால் பேசும் உரிமையை விட்டுவிடவும் மனமில்லை. துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல் "வந்து" என்று ஒரு சொல்லைப் போட்டு வைக்கிறோம். மேடையில் அந்த இடத்தைப் பிடுங்க யாரும் வரப்போவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும், இடம் நம்முடையதுதான். நன்றாகப் பேசுகிறவர்கள் அந்த மூட்டில் செய்வது அதுதான். இரண்டு வினாடி. நான் கடிகாரத்தில் பார்த்திருக்கிறேன்.

என் முதல் பேச்சுக்கு வருகிறேன். ஐஸ் பிரேக்கர் என்பார்கள். நாலிலிருந்து ஆறு நிமிடம், தலைப்பு நாமேதான். 'என்னைப் பற்றி மூன்று விஷயங்கள்' என்று எழுதி, கமா முற்றுப்புள்ளி விடாமல் மனப்பாடம் செய்தேன். கண்ணாடி முன்னால் சொன்னேன், குளிக்கும்போது சொன்னேன். முதல் விஷயம் நன்றாகப் போனது. இரண்டாவதில் ஒரு சிரிப்புக்கூட வந்தது. எழுதும்போது அங்கே சிரிப்பு வரும் என்று நான் கணக்கு வைத்திருக்கவில்லை. அந்தச் சிரிப்பில் கயிறு அறுந்தது. மூன்றாவது விஷயம் என்னவென்று தெரியவில்லை. மனப்பாடத்தின் கோளாறு இதுதான், ஒரு சொல் விழுந்தால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து விழும்.

நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு மின்விசிறி ஸ்விட்ச் இருந்தது. அதன் எண்களை ஒன்றிலிருந்து ஐந்துவரை படித்தேன். திரும்ப ஐந்திலிருந்து ஒன்றுவரை படித்தேன். யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கடைசியில், "மூணாவது மறந்துபோச்சு. ஞாபகம் வந்தா இன்னொரு நாள் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்துவிட்டேன். கைதட்டல் கேட்டது. இந்தக் கூட்டம் எதற்கும் தட்டும் என்பது தெரிந்ததால் அது ஆறுதலாக இல்லை.

அன்றைய டைமர் எழுந்து படித்தார்: "மூணு நிமிடம் இருபது வினாடி. தகுதி பெறவில்லை." மூன்றரை தொட்டிருந்தால் கணக்கில் சேர்ந்திருக்கும். இதே வாக்கியத்தை நான் பிறருக்கு எத்தனை அலட்சியமாகப் படித்திருக்கிறேன்!

கூட்டம் கலைந்ததும் அந்த டைமர் என்னைக் கூப்பிட்டார். ஓய்வுபெற்றவர், அதிகம் பேசமாட்டார். "நீங்க எவ்வளவு நேரம் நின்னீங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார். ஒரு நிமிடம் இருக்கும் சார் என்றேன். "ஒன்பது வினாடி. சும்மா தனியாக் குறிச்சு வச்சேன்" என்று தாளைக் காட்டினார். பென்சிலில் 9 என்று எழுதி வட்டமிட்டிருந்தது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். சான்றிதழ்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியாது, அந்தத் தாள் இருக்கிறது.

என்னை மதிப்பிட்டவரும் மறதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "முதல் விஷயம் ஞாபகம் இருக்கு, ரெண்டாவதும் இருக்கு. ரெண்டு போதும்னுதான் எனக்குத் தோணுச்சு" என்றார். சுவரைப் பார்த்துப் பேசினேன், அடுத்த முறை ஒரே ஒரு முகத்தைத் தேர்ந்துகொண்டு ஒரு வாக்கியம் முழுவதையும் அதனிடம் சொல்லி முடிக்க வேண்டும் என்பது அவர் தந்த ஒரே யோசனை. அதற்குப்பின் இன்றுவரை முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும்தான் மனப்பாடம் செய்கிறேன். நடுவே இருப்பவை குறிப்புகள், அதுவும் ஒற்றைச் சொற்களாக.

நல்ல மதிப்பீட்டுக்கு அவர் ஒரு உதாரணம் என்றால் மோசமான மதிப்பீட்டுக்கு நானே உதாரணம். நாலைந்து மாதம் கழித்து முதல் முறையாக மதிப்பீட்டாளர் ஆனேன். இரண்டிலிருந்து மூன்று நிமிடம் பேச வேண்டும். டைமராகவும் ஆ கவுண்டராகவும் இருந்து கண் நன்றாகக் கூர்மையாகியிருந்தது. அந்தத் திமிரில் பதினொரு குறைகளை எழுதி, மூன்று நிமிடத்துக்குள் பதினொன்றையும் சொல்லி முடித்தேன். சிவப்பு அட்டைக்குமுன் முடித்ததில் பெருமை வேறு. பேசியவர் நடு வயதுப் பெண்மணி, அது அவருடைய மூன்றாவது பேச்சு. சிரித்தபடி கேட்டுக்கொண்டார், நன்றி சொன்னார். அடுத்த இரண்டு மாதம் அவர் பெயர் பேச்சாளர் பட்டியலில் வரவில்லை.

கிளப்பில் எனக்கு வழிகாட்டியாக இருந்த மென்டரிடம் போய், நான் சொன்னதில் எது தப்பு என்று கேட்டேன். "எதுவும் தப்பில்லை. ஆனா பதினொண்ணுல எதை அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறது?" என்றார். பாராட்டு, யோசனை, பாராட்டு என்று அடுக்கச் சொல்லித் தருவார்கள். அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. கொஞ்ச நாளானவர்கள் முதல் பாராட்டைக் காதிலேயே வாங்குவதில்லை, "ஆனால்" எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். மென்டர் சொல்லித் தந்தது வேறு. "நீங்கள் சத்தமாகப் பேச வேண்டும்" என்பது தீர்ப்பு. "கடைசி வரிசையில் இருந்த எனக்கு உங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்ன வரி கேட்கவில்லை, கேட்டிருக்கலாமே என்று இருந்தது" என்பது சாட்சி. என் நாற்காலியிலிருந்து எனக்கு என்ன தெரிந்தது என்பதை மட்டும் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தப் பெண்மணி திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பு எதுக்கு? வீட்டுல பரீட்சை நடந்துச்சு, அதான் வரலை" என்றார். உண்மையா, பெருந்தன்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கிளப்பைப் புகழ்ந்துகொண்டே போவதாகத் தோன்றலாம். எனக்கு ஒத்துவராதவையும் இருக்கின்றன. பேச்சுப் போட்டிக்குத் தயாராகிறவர்களிடம் ஒரு மாதிரியான கை வந்துவிடுகிறது. வானத்தைக் காட்டும் கை, நெஞ்சைத் தொடும் கை, பிறகு ஒரு கிசுகிசுப்பு, பிறகு ஒரு கத்தல். யார் பேசினாலும் ஒரே நபர் பேசுவதுபோல் இருக்கும். ஒவ்வொரு பேச்சிலும் யாராவது ஒரு உறவினர் சாக வேண்டியிருக்கிறது. இதைக் கிளப்பில் நேராகவே சொல்லியிருக்கிறேன். அதற்கும் கைதட்டினார்கள்.

சேர்ந்திருப்பது என்பதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் ஹெலன் பிளான்சர்ட் நினைவுக்கு வருவார். டோஸ்ட்மாஸ்டர்ஸ் வெகுகாலம் ஆண்களுக்கு மட்டும்தான். 1970-இல் அவரைச் சேர்த்துக்கொண்ட கிளப், தலைமையகத்துக்கு அனுப்பிய படிவத்தில் ஹோமர் என்று ஆண் பெயரை எழுதிச் சமாளித்தது. 1973-இல் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1985-இல் அதே ஹெலன் உலக அமைப்பின் முதல் பெண் தலைவரானார். விதி என்ன சொன்னாலும் அறையில் இருந்தவர்கள் அவரை உட்காரவைத்துக் கேட்டார்கள் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

அலுவலகத்தில் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒரு வருடம் கழித்து அதே மாதிரி ஒரு கூட்டம். இதயம் அதே வேகத்தில்தான் அடித்தது, உள்ளங்கை அதே மாதிரி ஈரம். வித்தியாசம் ஒன்றுதான்: எதிரே இருந்த எட்டுப் பேரும் எனக்குக் கொஞ்சம் தெரிந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒருவர் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சலிப்பென்று முன்பு நினைத்திருப்பேன். இப்போது, பத்தாவது ஸ்லைடில் நிமிர்வார், எண்கள் வந்தால் நிமிர்கிற முகம் அது என்று தோன்றியது. அப்படியே நிமிர்ந்தார். நடுவில் ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன், ஒன்பது வினாடிகூட ஆகியிருக்காது. "தெரியலை. நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்றேன். அதற்கு முன்னால் "வந்து" போடவில்லை என்பதை வெளியே வந்தபிறகுதான் கவனித்தேன். முன்பு என் ஸ்லைடுகளை வாங்கிக்கொண்ட நண்பர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று பிறகு காதோடு சொன்னார். கணக்கு நேரானது.

அடுத்த வாரத்துக்கான பொறுப்புப் பட்டியல் நேற்றிரவு வந்தது. பேச்சாளர் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. டைமர் இடமும் காலி. ஐஸ் பிரேக்கர் என்று போட்டு ஒரு புதுப் பெயர் இருக்கிறது, நான் இதுவரை பார்க்காத ஆள். டைமருக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன். பென்சில் கொண்டுபோக வேண்டும்.